வரிசையில் நின்ற கல்

மில்பரி என்ற அந்த ஏரிக்கரை ஊரில் அறுபது வருடமாகக் குளிர்சாதனப் பெட்டி செய்து நாலு திசைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வருடத்தில் ஐந்து மாதம் வாசலில் வைத்த பால் போத்தலோடு உறைந்துபோகிற ஊரில் இருந்துகொண்டு எதற்கு இந்தப் பெட்டியைச் செய்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை, சம்பளம் ஒழுங்காக வருகிறபோது யார்தான் அப்படியெல்லாம் கேட்பார்கள், கேட்காமலே அப்பனும் மகனும் பேரனுமாக உழைத்து வீடு கட்டிப் பிள்ளை பெற்று வாழ்ந்துகொண்டிருந்தபோது, ஒரு நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை காலையில், கனடா முழுக்கப் பிடித்திருந்த வியாபாரச் சரிவு அந்த ஊருக்கும் வந்து சேர்ந்தது. தொழிற்சாலைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள், சங்கிலி போட்டுப் பூட்டினார்கள், எண்ணூறு பேரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

அந்த எண்ணூறில் ஆறு பேர் தமிழர். அவர்கள் வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது, பெட்டியின் கதவுக்கு ரப்பர் ஒட்டுகிற வேலை அப்போதுதான் கைக்குப் பழகியிருந்தது. இவர்கள் காலடி வைத்த நேரம்தான் இப்படி ஆயிற்று என்று ஊரில் சிலர் முணுமுணுத்தது காதில் விழுந்தபோது, யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்து அந்த ரப்பரை ஒட்டிய குலநாயகம் மாஸ்டர் கோபப்படவில்லை.

"பாத்தியளே, எங்கட ஆக்கள் புது மருமேளைச் சொல்லுற அதே கதை. அப்ப இந்த ஊர் எங்களுக்குப் புகுந்த வீடாப் போச்சு. புகுந்த வீட்டிலை ரெண்டு சொல் கேக்கத்தான் வேணும்," என்றார்.

ஆறு பேரில் ஒரே பெண் தவமலர். கரவெட்டிக்காரி, முப்பத்தாறு வயது, புருஷனை ஷெல்லுக்குக் கொடுத்தவள், பதினொரு வயது மகள் அருளினியைக் கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் புருஷனின் தங்கையோடு விட்டுவிட்டு வந்தவள். மகளைக் கூப்பிடுவதற்கு எல்லாத் தாளும் சரியாக இருந்தது, ஒரு தாளைத் தவிர. நிரந்தர வேலை இருக்கிறது என்று காட்டும் கடிதம் ஏப்ரல் பத்தாம் திகதிக்குள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் கோப்பு அடுக்கின் அடிக்குப் போய்விடும் என்று குடிவரவு அலுவலகம் எழுதியிருந்தது. அடி என்றால் இரண்டு வருடம் என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். மச்சாளுக்கோ ஜேர்மனிக்கு விசா வந்துவிட்டது, ஏப்ரல் முடிவில் அவள் போய்விடுவாள், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு லொட்ஜில் ஒருவரும் இல்லை. அவளுக்கு ஒரு வேலை வேண்டும், ஏப்ரல் பத்துக்குள் வேண்டும், அவ்வளவுதான்.

வேலை அலுவலகத்தின் முன்னால் செவ்வாய்க்கிழமையே வரிசை தொடங்கிவிட்டது. கவுண்டரில் தொடங்கி, படியிறங்கி, சலவைக்கடையைத் தாண்டி, தேவாலயத்தைச் சுற்றி, பள்ளிக்கூட மதிலோடு வளைந்து, ஏரிக்கரையில் போய் முடிந்த அந்த வரிசையில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை எண்ணூறு பேர் நின்றார்கள். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய், அடுத்த நாள் காலை நேற்று யாருக்குப் பின்னால் நின்றோமோ அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒரு நாளைக்கு எட்டு வேலை வரும், பத்து வேலை வரும், சில நாளில் மூன்றோடு முடிந்துபோகும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இடத்தை விட்டு விலகியவர் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். நின்றுகொண்டே சாப்பிட்டார்கள், நின்றுகொண்டே காய்ச்சல் கண்டு நின்றுகொண்டே சுகமானார்கள், பள்ளிக்கூட மதிலோரம் நின்ற இருவர் நின்றபடியே கலியாணம் பேசி முடித்தார்கள் என்றும் கேள்வி.

ஆறு தமிழரும் ஏரிக்கரையில், வாலில் நின்றார்கள். தவமலருக்கு முன்னால் ஹென்றி என்பவர் நின்றார், தொழிற்சாலையில் கதவுகளுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தவர், பொழுது முழுக்க உதட்டைக் குவித்துச் சீக்காய் அடித்துக்கொண்டிருப்பார். அவளுக்குப் பின்னால் வால்டர். முப்பத்தொரு வருடம் பெட்டிகளுக்குக் கொம்பிரசர் பூட்டிய பெரிய உடம்புக்காரர், ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் பேசமாட்டார்.

வியாழக்கிழமைகளில் காலை பதினொரு மணிக்கு, அதாவது கொழும்பில் இரவுச் சாப்பாடு முடிகிற நேரத்தில், லொட்ஜுக்குக் கீழே உள்ள தொலைபேசிக் கடையில் அருளினி வந்து காத்திருப்பாள். இரண்டு வியாழன் தவமலர் வரிசையை விட்டுப் போகவில்லை. இரண்டு வியாழனும் பிள்ளை கடை பூட்டும்வரை கதிரையில் இருந்துவிட்டுப் போனதாக மச்சாள் கடிதம் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு மூன்றாவது வியாழன் நின்றவள், பத்தே முக்காலுக்கு அந்த ஊரில் யாரும் செய்யாத, யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளையும் செய்கிற காரியம் ஒன்றைச் செய்தாள். குனிந்து, ஏரிக்கரைப் பனிக்குள் கையை விட்டு, ஒரு தேங்காய் அளவில் ஒரு கறுத்தக் கல்லை எடுத்துத் தன் இடத்தில் வைத்தாள்.

"இஞ்சை நில்லு. மேளோடை கதைச்சுப்போட்டு அரை மணித்தியாலத்திலை வாறன்," என்று அதற்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வருகிறது என்று கேள்விப்பட்டால், வருமோ வராதோ, வந்தால் எப்போது வருமோ தெரியாமல் முழு நாளும் ஆர் நிற்பது, வீட்டில் உலை இருக்கிறது, ஆடு கத்துகிறது, மேலே குண்டு போடும் பொம்பர் சுற்றுகிறது, அதனால் ஒரு கல்லையோ ஒரு பேணியையோ ஓட்டைச் செருப்பையோ வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். கல் வைத்தவர் நின்ற மாதிரித்தான். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவர் அந்தக் கல்லையும் காலால் தள்ளாமல், குனிந்து கையால் எடுத்து முன்னுக்கு வைக்க வேண்டும். ஊரில் எவ்வளவோ களவு நடந்தது, கோழி போனது, சைக்கிள் போனது, ஆனால் ஒரு கல்லின் இடத்தை ஒருவரும் களவெடுக்கவில்லை.

மகளோடு பேசி அழுது சிரித்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது வரிசை பதினைந்து அடி நகர்ந்திருந்தது, கல்லும் நகர்ந்து ஹென்றிக்குப் பின்னால் இருந்தது. பனியில் அது வந்த தடம் தெரிந்தது. இந்த ஊரிலும் நல்ல சனம் இருக்கிறது என்று அவள் மனம் குளிர்ந்து, மத்தியானத்துக்கென்று கட்டிக்கொண்டு வந்திருந்த, மரக்கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த இரண்டு றோல்ஸில் ஒன்றை எடுத்து வால்டரிடம் நீட்டினாள். தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், என் கல்லை நகர்த்தி வைத்ததற்கு நன்றி ஐயா என்றாள்.

"நான் தொடவில்லை," என்றார் வால்டர். "ஹென்றி நகர்ந்தார். அது பின்னால் போனது."

"பரவாயில்லை, சாப்பிடுங்கள்."

"செய்யாத வேலைக்கு நான் ஒன்றும் வாங்குவதில்லை."

ஹென்றியும் தலையாட்டினார். கல் நல்ல மாதிரி நடந்துகொண்டது, என் காலை மிதிக்கவில்லை என்றார். தவமலருக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. இந்த நாட்டில் கதவு தானாகத் திறக்கிறது, படி தானாக ஏறுகிறது, கல் தானாகப் போனால் என்ன என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வியாழனும் வைத்தாள், அதுவும் போனது.

ஆனால் ஊர் என்று ஒன்று இருந்தால் முறைப்பாடு என்று ஒன்று இருக்கும். ஒரு கல் வரிசையில் நிற்பதை ஏற்க முடியாது என்று பின்னால் நின்ற நாலு பேர் கூச்சல் போட, கவுண்டரில் இருக்கும் மிஸ் பெவர்லி மூக்குக்கண்ணாடியோடும் சட்டப் புத்தகத்தோடும் ஏரிக்கரைவரை நடந்து வந்தாள். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது, கல் நிற்கக் கூடாது என்று எங்கும் இருக்கவில்லை. அவள் கல்லைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். கல் ஹென்றியின் பின்னால் ஓரடி நகர்ந்ததைப் பார்த்தாள். பிறகு, நிற்பது யாராக இருந்தாலும் பதிவு இருக்க வேண்டும் என்று ஒரு படிவத்தைக் கொடுத்தாள். குலநாயகம் மாஸ்டர் அதைத் தன் அழகான கையெழுத்தில் நிரப்பினார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் மில்பரி ஏரிக்கரை என்று எழுதினார்.

"அப்படியானால் இது இந்த நாட்டில் பிறந்தது," என்றாள் மிஸ் பெவர்லி, முத்திரையைக் குத்தியபடி. "இதை வரிசையை விட்டுப் போகச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை."

"கண்டியளே தவமலர்," என்றார் மாஸ்டர் அன்று வீட்டில், சோற்றைப் பிசைந்தபடி, "உங்களுக்கு இன்னும் கிடைக்காத சிற்றிசன் உங்கட கல்லுக்குக் கிடைச்சிட்டுது."

அடுத்த நாள் ஆறு தமிழரும் ஆறு கல் வைத்தார்கள், ஆறும் நடந்தன. அதற்கடுத்த நாள் ஊரில் எண்பது பேர் கல் வைத்தார்கள், எண்பதும் வைத்த இடத்தில் கிடந்தன. வைத்தவர்கள் கோபத்தோடு வந்து தவமலரைக் கேட்டார்கள். அவள் ஒவ்வொருவரிடமும், வைக்கும்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். கல்லிடம் என்ன சொல்வது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. வீட்டை விட்டுப் போகிறபோது ஆருக்கும் சொல்லாமல் போகிற சனம், கல்லுக்கு மட்டும் சொல்லுமா?

எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவள் காட்டிக்கொடுத்தாள். ஹென்றி தன் வீட்டுத் தோட்டத்துக் கல் ஒன்றுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்துக் கொண்டுவந்து வைத்து, மனைவி எல்சிக்குத் தக்காளி சூப் வாங்கப் போகிறேன், கால் மணியில் வருவேன் என்றார், அப்படியே வாங்கிக்கொண்டு அப்படியே வந்தார், அவருடைய கல் சீக்காய் அடிக்காத குறையாக நடந்திருந்தது. வால்டர் பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டு மதுக்கடைக்குப் போனார், அவருடைய கல் அசையவில்லை. ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சொன்ன சொல் பொய்யானால், பொய்யான அந்த நிமிடத்திலேயே கல் நின்றுவிடும், நின்றதைப் பத்துப் பேர் சேர்ந்தாலும் கிளப்ப முடியாது, ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டியின் பாரம் வந்துவிடும் அதற்கு. தைமாதம் முடிவதற்குள் மில்பரியில் பொய் வெகுவாகக் குறைந்துபோனது, அதனால் சில குடும்பங்களில் சண்டை கூடியது, ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது, தேவாலயத்தில் பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். ரொறன்ரோவிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு போய், ஐஸ் ஹொக்கிச் செய்திக்குக் கீழே நாலு வரி எழுதினார்.

இப்படி இன்னும் வேலை கிடைக்காமல் மிஞ்சியவர்களின் கல் எல்லாம் வரிசையில் நிற்க, அத்தனை பேருக்கும் கை காலியாயிற்று. இதுதான் அந்த ஊர் அதுவரை காணாதது. கையைக் கட்டிக்கொண்டு குளிரில் நின்ற சனம் கையை அவிழ்த்துப் பார்த்தபோது அதில் எவ்வளவோ வேலை இருந்தது. வால்டர் வீடு வீடாகப் போய்த் தானே பூட்டிய பழைய பெட்டிகளைத் திருத்தத் தொடங்கினார். கூரை பிரித்தார்கள், கூரை போட்டார்கள், பூட்டிக் கிடந்த பேக்கரியை மூன்று பெண்கள் திறந்தார்கள், பிள்ளைகளைப் பார்க்க ஒருத்தி, அந்தப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை பின்ன இன்னொருத்தி. மாஸ்டர் நூலகத்தில் ஒரு கரும்பலகையை வைத்து, தொழில்நுட்பச் சோதனை எழுதப் போகிற நாற்பது வயது ஆண்களுக்குப் பின்னமும் சதவீதமும் படிப்பித்தார், பிழை விட்டவர்களுக்குக் காதைத் திருகப் போன கையை இழுத்துக்கொண்டார். மற்ற நாலு பேரும் பனி வழித்தார்கள், சுவருக்குப் பெயின்ற் அடித்தார்கள், கிழடுகளுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். வந்த கால் பிழை என்று முணுமுணுத்த அதே வாய்கள் அந்த ஆறு பேரையும் தெருவில் கண்டால் பேர் சொல்லிக் கூப்பிட்டன, குலநாயகம் என்ற பேரை அவர்கள் கூப்பிட்ட மாதிரியைக் கேட்க அவருடைய தாய் உயிரோடு இல்லாதது நல்லதுதான்.

தவமலர் காலையில் ஏரிக்கரைக்குப் போவாள். புதிதாகக் கல் வைக்கிறவர்களோடு குனிந்து நல்ல கல்லாகப் பார்ப்பாள், எப்படிச் சொல்வது என்று காட்டுவாள், சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்பாள். உருளைக்கிழங்கு கொடுத்தார்கள், சப்பாத்து கொடுத்தார்கள், அருளினிக்கென்று ஒரு சிவப்புக் குளிர்கோட்டு கொடுத்தார்கள். அந்தக் கோட்டை அவள் கட்டிலுக்கு மேலே ஆணியில் கொழுவி வைத்தாள். எல்லாம் இருந்தது. ஆனால் குடிவரவு அலுவலகத்துக்குக் காட்ட ஒரு கடிதம் இல்லை. உருளைக்கிழங்குக்குக் கடிதத் தலைப்பும் முத்திரையும் இருக்காது. அவளுடைய கல் பள்ளிக்கூட மதிலைத் தாண்டியது, தேவாலயத்தைச் சுற்றியது. மாஸ்டர் கணக்குப் போட்டு, ஏப்ரல் ஒன்பது செவ்வாய்க்கிழமை கவுண்டருக்கு வரும், கடிதத்தை வாங்கினால் அடுத்த நாள் காலை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், மட்டுமட்டுத்தான், ஆனால் சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை வரிசை நகரவில்லை.

சலவைக்கடை மூலையில், கவுண்டருக்கு நாற்பது அடி இருக்க, வெள்ளைப் பெயின்ற் அடித்த கல் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் தவமலரின் கறுத்தக் கல், அதற்குப் பின்னால் வால்டருடையது, பிறகு மிச்ச எல்லாக் கல்லும் நின்றன, ஏனென்றால் ஒரு கல்லும் இன்னொரு கல்லை முந்தாது. ஹென்றி என்ன பொய் சொன்னார் என்று எல்லாரும் யோசித்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை. காலையில் வருகிறேன் என்று முதல் நாள் மாலை சொல்லிவிட்டுப் போனவர், விடிகிற நேரத்தில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்து அப்படியே விழுந்துவிட்டார் என்ற செய்தி எட்டரைக்கு வந்தது.

மிஸ் பெவர்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இறந்தவரின் பெயரை வெட்ட வேண்டும், கல்லை அகற்ற வேண்டும் என்றாள். நாலு பேர் வந்து கடப்பாரை போட்டார்கள், கடப்பாரை வளைந்தது. அன்றைக்கு அலுவலகத்துக்கு வந்திருந்த வேலை இரண்டே இரண்டு, ஒன்று பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில், மற்றது ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில், என்பதும் அதற்குள் வரிசை முழுக்கப் பரவிவிட்டது.

தவமலர் அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு நாளில் அவளுடைய புருஷன் சங்கக்கடை வரிசையில் கல்லை வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வாறன் என்று வீட்டுக்கு வந்த வழியில்தான் ஷெல் விழுந்தது. பின்னேரம், செத்தவீடு அழுதுகொண்டிருக்க, முன்பின் தெரியாத ஒரு பொம்பிளை படலையைத் திறந்துகொண்டு வந்து, நாலு போத்தல் மண்ணெண்ணெயைத் தூணோடு வைத்தாள். நான் அவருக்குப் பின்னாலை நிண்டனான், அவரின்ர கல்லை நான்தான் தூக்கி வைச்சுக்கொண்டு போனனான், இது உங்கட பங்கு என்றாள். அந்த எண்ணெயில்தான் பிணத்தின் தலைமாட்டில் விளக்கெரிந்தது. அவளுடைய பெயரைத் தவமலர் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ தரம் நினைத்து நொந்திருக்கிறாள்.

ஆள் வராவிட்டால் பின்னால் நிற்பவர் அவருடைய கல்லைக் கொண்டுபோக வேண்டும், கிடைத்த பங்கை அவருடைய வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் தன் பங்கை எடுக்க வேண்டும். ஹென்றிக்குப் பின்னால் நிற்பவள் அவள். அவள் கையுறையைக் கழற்றினாள்.

"நீங்கள் வரவேண்டாம் ஐயா. உங்கட வீட்டிலை நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்," என்று சொல்லி இரண்டு உள்ளங்கையையும் வெள்ளைக் கல்லில் வைத்துத் தள்ளினாள்.

கடப்பாரைக்கு அசையாதது அவள் கைக்கு ஒரு சாண் நகர்ந்தது. நாற்பது அடிக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. வால்டர் பக்கத்தில் நடந்து வந்தார், ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டார், அவள் மூச்சு வாங்க வாங்கச் சங்கக்கடைக் கதையைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் மிச்சத் தூரமும் கல்லோடு நடந்தார், அன்றைக்கு மிச்சமிருந்த சொற்களைப் பிறகுக்கென்று வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"இறந்தவருக்கு வேலை கொடுக்க முடியாது," என்றாள் மிஸ் பெவர்லி.

"அவருக்கு இல்லை. அவருடைய வீட்டுக்கு," என்றாள் தவமலர்.

மிஸ் பெவர்லி கல்லைப் பார்த்தாள், அவளுடைய சிவந்துபோன கையைப் பார்த்தாள், நாலு மாதத்தில் அவளும் எவ்வளவோ பழகிவிட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறை வேலைக் கடிதத்தில் எல்சி என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து இரண்டு மணிக்குத்தான் அடுத்தவரை மூலையிலிருந்து கூப்பிடுவேன் என்றாள். தவமலர் ஓடிப்போய்த் தன் கறுத்தக் கல்லுக்கு முன்னால் குனிந்தாள்.

"ஹென்றி வீட்டை போறன். ரெண்டு மணிக்குள்ளை வந்திடுவன்," என்றாள்.

ஹென்றியின் வீட்டில் சனமே இல்லை. அந்த நாட்டில் செத்தவரை வேறெங்கோ கொண்டுபோய்விடுகிறார்கள், சனமும் நாள் குறித்த பிறகுதான் வருகிறது. எல்சி சமையலறையில் தனியாக நின்று கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். தவமலர் கடிதத்தை மேசையில் வைத்தாள், தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள், கோப்பையை வாங்கி வைத்துவிட்டு எல்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தங்கள் ஊரில் செய்கிற மாதிரி வாய் விட்டு அழுதாள். எல்சி முதலில் மரமாக நின்றாள், பிறகு அவளும் அழுதாள், ஊருக்குக் கேட்க அழுதாள், அழுது முடிந்து கதிரையில் இருந்தவள் தவமலரின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

சுவர் மணிக்கூடு ஒன்றரை காட்டியது. கையை இழுத்தால் எல்சி விழித்துவிடுவாள், விழித்தால் அவளுக்கு எல்லாம் புதிதாக ஞாபகம் வரும். செத்தவீட்டில் பிடித்த கையை, பிடித்தவள் விடுவதற்கு முன் இழுக்கக் கூடாது என்று தவமலருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு அடித்தது. அவளுடைய சொல் பொய்யாகியது. சலவைக்கடை மூலையில் தன் கல் நின்றுபோனது அவளுக்கு இங்கேயே தெரிந்தது, ஆணியில் தொங்கிய சிவப்புக் கோட்டு கண்ணுக்குள் வந்தது, என்ர பிள்ளை, என்ர பிள்ளை என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டு அவள் அந்தக் கதிரையில் இருந்தாள். மூன்று அடித்தது. நாலு அடித்தது. ஐந்தும் அடித்தது.

ஐந்தே காலுக்கு எல்சி கண் விழித்துக் கையை விட்டாள். அதே நேரம் வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் வால்டர் நின்றார். அவருக்குப் பின்னால் படியிலும் பாதையிலும் பத்துப் பன்னிரண்டு பேர், பேக்கரிப் பெண்கள், கூரை போடுகிறவர்கள், குலநாயகம் மாஸ்டர். எல்லாருடைய மூச்சும் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. வால்டர் தொப்பியைக் கழற்றி எல்சிக்குத் தலை குனிந்தார். பிறகு கோட்டுக்குள் கையை விட்டு ஒரு கடிதத்தை எடுத்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதி, நிரந்தர வேலை, பெயர் தவமலர் என்று இருந்தது, முத்திரை இன்னும் காயவில்லை.

"இரண்டு மணிக்கு உன் கல் நின்றுவிட்டது," என்றார். "நீ வரவில்லை. பின்னால் நிற்பவன் நான்."

தவமலர் தன் பெயரை இரண்டு தரம் வாசித்தாள். அன்றைக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வேலைதான். ஆள் வரவில்லை என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் வாலுக்குப் போயிருப்பாள், அந்தக் கடிதத்தில் அவருடைய பெயர் இருந்திருக்கும். சட்டமும் அதைத்தான் சொன்னது.

"முதல் அவர் தனியத்தான் தள்ளினவர் பிள்ளை," என்றார் மாஸ்டர். "அசையேல்லை. பிறகு உங்களிட்டைக் கொண்டுவந்து குடுக்கிறம் எண்டு கல்லுக்குச் சொல்லிப்போட்டு நாங்கள் எல்லாரும் கை குடுத்தம். நாலு ஐம்பத்தெட்டுக்குக் கவுண்டர். பெவர்லி மணிக்கூட்டைப் பாக்காமல் மற்றப் பக்கம் திரும்பி நிண்டவ."

தவமலர் வால்டரின் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து, கறுத்தக் கல்லின் பொடி ஒட்டியிருந்தது. நன்றி ஐயா, என் கல்லை நகர்த்தி வைத்தீர்கள் என்றாள், நாலு மாதத்துக்கு முன் சொன்ன அதே ஆங்கிலத்தில், அழுதுகொண்டு.

வால்டர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன்னிடம் அந்த றோல்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார்.

மத்தியானம் சாப்பிடாத இரண்டும் பையில் அப்படியே ஆறிப்போய் இருந்தன. அவள் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் அந்தக் காயப்பட்ட கையால் வாங்கி, எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, வாசற்படியில் நின்றபடியே, கடைசித் துணுக்குவரை சாப்பிட்டு முடித்தார்.